சுட்டு

ரீகாவில் நவம்பர் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது.
டிராம் பழுதுபார்த்த பழைய கொட்டகையில்
நாற்காலி போட்டு, மூன்று ஹீட்டர் வைத்து
மொழிபெயர்ப்பு விழாவின் இரண்டாம் நாள்.
நுழைவு இலவசம். கோட்டு மாட்ட முப்பது சென்ட்.

எஸ்தோனியாவிலிருந்து நாலரை மணி நேரம்
பேருந்தில் வந்த ஹில்யே
முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பன்னிரண்டு வரி வாசித்தார்.
விடியலில் ஓர் ஆள் கதவைத் தாண்டிப் போகிறது.
ஆள் என்று நான் வைத்துக்கொண்டேன்.
பூட்ஸ் உள்ளேயே கிடக்கிறது.
அடுப்பில் பால் பொங்கி வழிகிறது.
அவ்வளவுதான் கவிதை.

போன ஆளுக்கு அந்த மொழியில் ஒரே சொல்:
தா.
நம் காதுக்கு யாரோ கை நீட்டுவதுபோல் இருக்கும்.
ஆனால் அது எதையும் கேட்பதில்லை,
ஆணா பெண்ணா என்றுகூட.

லாத்வியம் கேட்கும்.
அதனால்தான் மேடையில் இரண்டு பேர்,
ஒரே கவிதைக்கு இரண்டு தாள்.

அவள், என்றார் ஸ்கைத்ரீதே.
என் அக்கா டப்ளினுக்குப் போன காலை
பால் பொங்கத்தான் செய்தது.
அவன், என்றார் ஊல்டிஸ்.
பூட்ஸை விட்டுப்போகிற திமிர்,
வீடு காத்திருக்கும் என்ற நினைப்பு, வேறு யாருக்கு வரும்?
சிரிப்பு.
ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார்கள், பச்சையும் மஞ்சளும்.
பச்சை நாற்பத்தொன்று, மஞ்சள் முப்பத்தெட்டு.
ஒரு சிறுமி இரண்டையும் தூக்கினாள்; அவளை எண்ணவில்லை.

நீங்களே சொல்லுங்கள், யார் அது?
மைக் ஹில்யேயிடம் போனது.
எழுதும்போது நான் கேட்டுக்கொள்ளவே இல்லை, என்றார்.
இன்றைக்கு என் தூக்கம் போச்சு.

மேடையின் இடது ஓரம், தனி விளக்கின் கீழ்
கறுப்பு ஸ்வெட்டரில் மைரிதா.
முன்வரிசையில் காது கேளாத நால்வருக்காக
இவ்வளவையும் கையால் சொல்லிக்கொண்டிருந்தார்.
கவிதை அந்தக் கைகளில் ஏற்கெனவே
மூன்று முறை நடந்து முடிந்திருந்தது.
நாங்கள்தான் பார்க்கவில்லை.

முன்வரிசைப் பெரியவர் விரல்களை அசைத்தார்.
மைரிதா குரலாக மாற்றினார்:
இவர் கேட்கிறார், எதற்கு இந்தச் சண்டை?
அங்கேதானே நிற்கிறது.

அங்கே:
இரண்டாவது ஹீட்டருக்கும் தூணுக்கும் நடுவில்,
மாலை முழுக்க மைரிதாவின் சுட்டுவிரல்
போய்ப் போய்த் தொட்ட இடம்.
எண்பது தலையும் திரும்பின.
ஒரு ஆரஞ்சு ஒயர். சிமென்டுத் தரை.
கதவிடுக்கு வழியே வந்த குளிர்.

ஹில்யே கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி,
அந்த இடத்தையே பார்த்தார்.
கொஞ்சம் இளைத்திருக்கு, என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
ஊல்டிஸ் தன் தாளை நாலாக மடித்துக்கொண்டார்.

பிறகு கறுப்பு ரொட்டி, சீரகம் போட்ட பாலாடைக்கட்டி,
கசக்கிற ஏதோ மது.
மைரிதா மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு
ஒரு மூலையில் தனியே சாப்பிட்டார்.
ஒயர் சுருட்ட வந்த பையன்
அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனான்,
வழுக்குமென்றோ என்னவோ.

திரும்பும் டிராமில் நான் தமிழில் எழுதிப் பார்த்தேன்.
போனான், போனாள்: வினையின் வாலிலேயே பிடிபட்டுவிடுகிறது.
போனார் என்றால் மாலை போட்டு அனுப்பியதுபோல் ஆகிறது.
போனது என்றால் பசு.
அவன், அவள், அவர், அது,
எல்லாம் கிளம்புவது ஒரே எழுத்திலிருந்து.
அகச்சுட்டு. பிரித்தால் பொருள் தராது
என்று ஏழாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.

பிரித்தேன்.
தாளில் ஒரு அ.
எதிர் இருக்கைக்காரர் காலை நகர்த்தி
யாருக்கோ வழிவிட்டார்.
என் நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.